ஜாதியைக் கேட்காதீர், முடியைப் பாருங்கள்!



‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வாசலுக்குத்தான் போகும்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அது மனிதனின் குணத்தைப் பற்றிய பழமொழி. நம்மில் பலரோ அதை அப்படியே நாய்க்கே பொருத்திக்கொண்டோம். “எப்படியும் மண்ணுலதான் போய் பொரளப் போவுது. அதுக்கு எதுக்குங்க சீப்பும் குளியலும்?” என்று கேட்காத லயம் இல்லை.

சுகாதாரப் பகுதியில் நாயைப் பற்றியா எழுதுவது, இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் நம் தோட்டங்களில் தீர்ந்துவிட்டனவா என்று சிலர் கேட்கலாம். தீரவில்லை. ஆனால், கூலிம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடந்ததைக் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

நான்கு வயதுப் பெண் குழந்தை. வயிற்றிலும் முன்கைகளிலும் சிவந்த பொரிகள். இரவெல்லாம் சொறிந்துகொண்டே அழுதது. தாய் மூன்று வாரமாகச் சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்தாள்; மஞ்சள் பூசினாள்; வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “வீட்டில் நாய் இருக்கிறதா?” இருந்தது. காதோரமும் முழங்கையும் பொருக்குத் தட்டிப்போன நாய். குழந்தை தினமும் அதைக் கட்டிப்பிடித்து விளையாடும். “நாய்க்கு சொறி இருக்குன்னு தெரியும் டாக்டர். அதான் மோட்டார் சைக்கிள்ல எடுத்த கறுப்பு எண்ணெயப் பூசி விட்டோம்” என்றார் தகப்பனார்.

மருந்து கொடுத்து, நாயிடமிருந்தும் விலக்கி வைத்ததும் குழந்தைக்குப் பொரி மறைந்தது. நாய் பிழைக்கவில்லை. உடம்பில் பூசிய எண்ணெயை அது நக்கித் தீர்த்திருந்தது. நான்காம் நாள் காலை, பெரட்டுக்குப் போகும் நேரத்தில், படிக்கட்டின் கீழ் கிடந்தது. அந்தக் குடும்பம் கொடுமைக்காரக் குடும்பம் அல்ல. நாயின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் அதன் முடியை விலக்கி, தோலைப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவர்களிடம் இல்லை.

ஆகவே இந்தப் பகுதியில் என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நாயைச் சீவிக் குளிப்பாட்டுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. நாயோடு ஒரே கூரையின் கீழ் வாழும் தொழிலாளிக் குடும்பத்தின் சுகாதார வேலை அது. அந்த வேலையை நாயின் ஜாதியைப் பார்த்துச் செய்யக்கூடாது. அதன் முடியைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஏன் ஜாதி உதவாது?

“இது ஜாதி நாயா, நாட்டு நாயா?” என்பதுதான் நாயைக் கண்டதும் நம்மவர் கேட்கும் கேள்வி. ஜாதி நாய் என்றால் கடைச் சாம்பு. நாட்டு நாய் என்றால் ஒரு வாளித் தண்ணீரும் துணி துவைக்கும் தூளும்! இது என்ன நியாயம்?

நம் தோட்டத்து நாய்களின் பூர்வீகத்தை யாரால் சொல்ல முடியும்? தாய், லயத்து நாய். தகப்பன், பங்களாவில் காவலிருந்த அல்சேஷனாக இருக்கலாம். குட்டிகளில் ஒன்று தாயைப் போல வழவழப்பான குட்டை முடியோடும், இன்னொன்று தகப்பனைப் போல அடர்ந்த முடியோடும் பிறக்கும். ஒரே வயிற்றில் பிறந்த அந்த இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு பொருந்தாது. நாயின் விலை எவ்வளவாக இருந்தாலும் தோலுக்கு வெயிலும் மழையும் உண்ணியும் ஒன்றுதான். தோலைக் காப்பது முடி. ஆகவே வேலையைத் தீர்மானிப்பதும் முடிதான்.

நாட்டு நாய் என்றால் இளப்பமும் வேண்டாம். நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் பெற்ற நாய்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. வெள்ளை நிறமும் வழவழப்பான குட்டை முடியும் கொண்ட நாய் அது. வெப்ப நாட்டில் வாழ்வதற்கு அந்த முடி பொருத்தமானது. நம் லயத்து நாய்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதே மாதிரி முடிதான்.

கைவிரலால் சோதித்துப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் முடியை எதிர்த்திசையில் விரலால் விலக்குங்கள். தோல் உடனே தெரிந்தால் அது குட்டை முடி. மேலே விறைப்பான முடியும், அதன் அடியில் பஞ்சு போன்ற மென்முடியும் இருந்து, தோல் எளிதில் தெரியாவிட்டால் அது இரட்டை முடி. பட்டுப்போல் நீண்டு தொங்கினால் நீள முடி. சுருண்டு சுருண்டு இருந்தால் சுருள் முடி. இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதலாவது, குட்டை முடி. வாரம் ஒரு முறை ஈரமான முரட்டுத் துண்டாலோ, ரப்பர் பிரஷாலோ முடி வளரும் திசையில் தேய்த்தால் உதிர்ந்த முடியும் அழுக்கும் வந்துவிடும். மாதம் ஒரு முறை குளிப்பாட்டினால் போதும். சேற்றில் புரண்டு வந்தால் அன்றைக்கும் குளிப்பாட்டலாம். அடிக்கடி சோப்புப் போட்டால் தோலிலுள்ள இயற்கை எண்ணெய் போய், வறண்டு, அரிப்பெடுக்கும். இந்த வகை நாய்க்கு ஒரு நன்மை உண்டு: உண்ணியும் புண்ணும் உடனே கண்ணுக்குப் படும். ஒரு குறையும் உண்டு: முடி மெல்லியதாகையால் முள்ளும் வெயிலும் தோலை நேரடியாகத் தாக்கும். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாயை உச்சி வெயிலில் கட்டிப் போடாதீர்கள். அதற்கு வெயிலில் தோல் வெந்துபோகும்.

இரண்டாவது, இரட்டை முடி. அல்சேஷன், ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவையும் அவற்றின் கலப்பும் இந்த வகை. சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் பட்டணத்து வீடுகளில் இவற்றை நிறையப் பார்க்கலாம். பெரும் தவறும் இங்கேதான் நடக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் கெடாவின் வறட்சி வெயில் ஆரம்பித்ததும், “பாவம், கம்பளி போத்துன மாதிரி இருக்கு” என்று சொல்லி, நாயை அடியோடு மொட்டையடித்துவிடுகிறார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் தவறான வேலை. நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மேல்முடி வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை. கூரையைப் பிய்த்து எறிந்தால் வீடு குளிர்ச்சியாகுமா? மழித்த முடி சில நாய்களுக்கு ஒழுங்காக முளைப்பதும் இல்லை. திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

இதற்குச் சரியான வழி, உதிரத் தயாராக இருக்கும் அடிமுடியைச் சீவி எடுப்பது. வாரம் இரண்டு மூன்று முறை, அகலப் பல் சீப்பால், தோல் வரைக்கும் எட்டும்படி, ஆனால் தோலைக் கீறாமல் சீவுங்கள். அடைத்துக்கொண்டிருந்த பஞ்சு வெளியேறினால் காற்று உள்ளே போகும். அதுதான் நாய்க்குக் குளிர்ச்சி. புண்ணுக்காகவோ அறுவைக்காகவோ மிருக வைத்தியர் ஓரிடத்தை மழிப்பது வேறு விஷயம்.

மூன்றாவது, நீள முடி. ஷிட்ஸூ, மால்டீஸ் போன்ற சின்ன நாய்கள். தினமும் சீவ வேண்டும். முடியாது என்றால் முடியை ஓரளவு குட்டையாகக் கத்தரித்து வைத்துக்கொள்வதே நாணயமான வழி. கண்ணில் விழும் முடியையும், வாலின் கீழ் மலம் ஒட்டும் முடியையும் சுத்தமாகக் கத்தரியுங்கள். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதில் புழு முட்டைகள் இருக்கலாம். அந்த நாயைத் தூக்கிய கையோடுதான் பிள்ளை ரொட்டியும் தின்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

நான்காவது, சுருள் முடி. பூடில் நாயும் அதன் கலப்பும். “இது முடி கொட்டாதுங்க, அதனால வேலையே இல்ல” என்று விற்பவர் சொல்வார். பாதி உண்மைதான். கொட்ட வேண்டிய முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவாவிட்டால் அது தடித்து, தோலை இழுத்துப் பிடிக்கும் கம்பளமாகிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிக்கவும் வேண்டும். அந்த நேரமும் செலவும் நம்மிடம் இல்லையென்றால் அந்த நாயை வாங்காமல் இருப்பதே நல்லது. ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாதத்தில் சங்கிலியில் கட்டிச் சிக்கு முடியோடு விட்டுவிடுவதில் என்ன பெருமை இருக்கிறது?

குளிப்பாட்டும் முறை

எந்த முடியானாலும் முதலில் சீவுங்கள், பிறகு குளிப்பாட்டுங்கள். சிக்கு முடியில் தண்ணீர் பட்டால் முடிச்சு இறுகிப்போகும். கழுத்திலிருந்து ஆரம்பித்துக் கடைசியில் முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் விடாதீர்கள். சோப்பை முழுமையாக அலசுங்கள். மிச்சமிருக்கும் சோப்பே அரிப்புக்குக் காரணமாகும்.

துணி துவைக்கும் தூள், பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் கிருமிநாசினி, இவையெல்லாம் நாய்க்கு ஆகாது. நம் குளியல் சவர்க்காரமும் பொருத்தமில்லை. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நம் தோலுக்குச் சற்றுப் புளிப்புத்தன்மை உண்டு. நாயின் தோலுக்கு அது குறைவு. நாய்க்கென்றே விற்கும் சாம்பு ஒரு போத்தல் வாங்கினால் குட்டை முடி நாய்க்குப் பல மாதம் வரும்.

குளிப்பாட்டிய பிறகு உலர்த்துவதுதான் முக்கியம். செப்டம்பர் தொடங்கி மழை பிடிக்கும் மாதங்களில் இரட்டை முடி நாய் மேலே காய்ந்தது போலத் தெரியும்; அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் தோல் வெந்து ஈரப்புண் வரும். புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். புழு வைத்த நாயின் வேதனையை நேரில் பார்த்தவர்கள் சோம்பேறித்தனமாகத் துண்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். மழை நாளில் குளியலைத் தள்ளிப் போடுங்கள். சீவுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

குளித்ததும் நாய் ஏன் மண்ணில் புரள்கிறது? பெரும்பாலும் நம் சோப்பின் வாசனை அதற்குப் பிடிப்பதில்லை. தன் சொந்த வாசனையைத் தேடுகிறது. வாசனை குறைந்த சாம்பு போட்டு, உலரும் வரை சிமெண்டுத் திண்ணையில் கட்டி வையுங்கள். பழமொழி பாதி பொய்யாகிவிடும்!

தோட்டத்துக் கைவைத்தியம்

இனி நம்மிடமுள்ள ஆபத்தான பழக்கங்களுக்கு வருவோம். உண்ணிக்கு மண்ணெண்ணெய், சொறிக்குக் கறுப்பு எண்ணெய், அரிப்புக்குக் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய். இவை எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான்: நாய்க்கு நாக்கு இருக்கிறது. பூசியதை அது நக்கும். மண்ணெண்ணெய் தோலைச் சுடும். வாய்வழி போய் நுரையீரலில் இறங்கினால் சளிக்காய்ச்சல் போல் மூச்சு முட்டும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு; வலிப்பு வரும்.

இவற்றைவிடக் கொடியது, ஸ்டோரிலிருந்து மிச்சம் பிடித்து வரும் பூச்சிமருந்து. மாலத்தியான், குளோர்பைரிபோஸ் போன்றவை நரம்பைத் தாக்குபவை. அவற்றைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் ஊற்றினால் வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, நாய் செத்துப்போகும். ஊற்றியவரின் கையிலும், பிறகு நாயைத் தடவும் பிள்ளையின் கையிலும் அதே நஞ்சுதான். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண்மதிப்பாகப் போடுவதும் கூடாது. கோலி இனக் கலப்புள்ள சில நாய்களுக்கு அது உயிரைப் பறிக்கும். நாயின் உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடாதீர்கள்; அவற்றில் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மருந்தடிக்கும் தோழியருக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற புல் மருந்துகள் இன்னும் நம் முதுகில்தான் தொங்குகின்றன. வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்ததும் ஓடி வந்து காலை நக்குவது நாய்தான். பிறகு அந்த நாயைக் கட்டிக்கொள்வது நம் பிள்ளை. மருந்து அடித்த பாத்தியில் நாய் உங்கள் பின்னாலேயே வந்திருந்தால் அதன் முடியிலும் மருந்து இருக்கும். நீள முடியில் அதிகமாகவே தங்கும். முதலில் உடுப்பை மாற்றுங்கள். பிறகு நாயின் காலையும் வயிற்றையும் கழுவுங்கள். அதற்குப் பிறகே கொஞ்சல்.

உண்ணியை எப்படி எடுப்பது? தீக்குச்சியால் சுடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி, அக்குள் இவைதான் உண்ணியின் குடியிருப்பு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டைகள் நாயின்மேல் அல்ல, நம் வீட்டுச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் இருக்கும். ஆகவே நாயை மட்டும் சுத்தம் செய்தால் பாதி வேலைதான். அது படுக்கும் சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் போடுங்கள். இடுக்குகளைக் கூட்டி அடையுங்கள். உண்ணி கடித்த நாய்க்குக் காய்ச்சல் வந்து, சோறு தின்னாமல், ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தால் எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போனால் மாத்திரையால் பிழைக்க வைக்கலாம்.

காதோரமும் முழங்கையும் பொருக்குத் தட்டினால் அது பெரும்பாலும் சொறிப்பூச்சி. வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டும் பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடியவை. வேப்பிலைத் தண்ணீர் எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம். ஆனால் பூச்சியைக் கொல்லாது. சொறி நாய்க்குப் போட்ட சீப்பை இன்னொரு நாய்க்குப் போடாதீர்கள்.

2015-ஐ மறக்கலாமா?

“நமக்கே வைத்தியத்துக்குக் காசு பத்தல, இதுல நாய்க்கு வேறயா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இந்த வட்டாரத்தின் சரித்திரமே பதில் சொல்லும்.

நம் கெடா, தாய்லாந்து எல்லையோர மாநிலம். எல்லை கடந்து வெறிநாய் நோய் வராமலிருக்க, எல்லையோரத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வளையம் 1950களிலேயே ஏற்பட்டது. அப்படியும் 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசாங்கம் உத்தரவிட்டது. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. 2017-இல் சரவாக்கில் அந்நோய் பரவி, மனித உயிர்களையும் பறித்தது.

இப்படிப்பட்ட காலத்தில் எந்த நாய் முதலில் பிடிபடும்? கழுத்தில் பட்டை இல்லாத, முடி கொட்டிய, சொறி பிடித்த நாய்தான். அது உங்கள் வீட்டில் பத்து வருஷம் காவல் காத்த மணியாகவே இருக்கட்டும். பிடிக்க வருகிறவருக்கு அது தெருநாய். சீவிக் குளிப்பாட்டி, பட்டை போட்டு, ஊசி அட்டையும் லைசென்சும் வைத்திருக்கும் நாயை மட்டுமே ‘இது எங்கள் வீட்டு நாய்’ என்று நாம் நிமிர்ந்து நின்று சொல்ல முடியும். குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநாய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

சீவும்போதோ குளிப்பாட்டும்போதோ நாய் கடித்துவிட்டால் கோபப்படாதீர்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டிருப்பீர்கள். ஆனால் அலட்சியமும் கூடாது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய் நோயின் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குணம் திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைச் சீவவும் வேண்டாம், வாயில் கைவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். இன்று நம் லயங்களில் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் நம்மோடு வசிக்கிறார்கள். பட்டணத்தில் அடுத்த வீடு மலாய்க்காரர் வீடாக இருக்கும். நாயின் ஈரமும் எச்சிலும் பட்டால் கழுவித் தூய்மை செய்துகொள்வது அவர்களது சமய ஒழுக்கம். ஆகவே பொதுக் குழாயடியில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள். நாய்க்கென்று தனி வாளி, தனித் துண்டு. நம் வீட்டுக் கால்வாய்ப் பக்கமே குளியல். சீவிய முடியைக் காற்றில் விடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுவது. இந்த மரியாதையைக் காட்டினால் பாதிப் புகார்கள் எழவே மாட்டா. புகார் எழுந்தால் “நாயே கூடாது” என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டும், இழப்பு நமக்குத்தான்.

சங்கம் என்ன செய்யலாம்?

தனி ஒருவரால் முடியாததைக் கூட்டாகச் செய்வதற்குத்தானே சங்கம்! ஒரு நாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலிங்கிலிருந்தோ சீக்கிலிருந்தோ பட்டணத்து மிருக வைத்தியரிடம் போவது நடக்கிற காரியமா? ஆகவே கிளைத் தலைவர்கள் கால்நடை இலாகாவுக்கு எழுதி, ஆண்டுக்கு ஒரு நாள் தோட்டத்துக்கே வந்து ஊசி போடும்படி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நிர்வாகம் அதற்கு ஓர் இடமும் இரண்டு மணி நேரமும் ஒதுக்கித் தரட்டும். தோட்டத்தில் வெறிநாய் நோய் வந்தால் நட்டம் நிர்வாகத்துக்குந்தான். ஒரு லயத்தார் சேர்ந்து ஒரு நல்ல சீப்பு, ஒரு நகவெட்டி, ஓர் இடுக்கி வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் கழுவிக் கொதிநீரில் போட்டால் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி விலங்கை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாம் நாயைப் பேணுவதில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்ணுக்கு முன்னால் ஓடிப் பாம்பைக் கண்டு குரைப்பது யார்? தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போன வீட்டில் கிழவிக்குத் துணையாக வாசலில் கிடப்பது யார்? தோட்டம் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்து வீடுகளுக்குப் போனபோது, பூட்டிய கதவின் முன்னால் காத்துக் கிடந்தவை எத்தனை!

அந்த உழைப்புக்குக் கூலியாக அது கேட்பது வாரத்தில் அரை மணி நேரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்ல, இந்த ஞாயிற்றுக்கிழமையே நாயைக் கூப்பிடுங்கள். முடியை விலக்குங்கள். தோலைப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளையையும் உட்கார வைத்துக் காட்டிக் கொடுங்கள். அரிக்கும்போது கறுப்பு எண்ணெயைத் தேடாமல், முடியை விலக்கிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டால், எந்த மணியும் படிக்கட்டின் கீழே அநியாயமாகச் சாக வேண்டியதில்லை.